குடை பிடித்து நனைந்தவர்

தபால் அட்டையைவிடச் சற்றுப் பெரிய மட்டை அது. முன்பக்கத்தில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. எங்கோ ஜப்பானில் ஒரு சிறிய பாலத்தை மழையில் திறந்துவைக்கிறார்கள். நடுவில் நரைத்த தலையோடு ஒரு பாராளுமன்ற உறுப்பினர், அவர் பக்கத்தில் வெளிர்நிறக் கோட்டுப் போட்ட ஒரு பெண், இரு பக்கமும் ஊர்ப் பெரியவர்கள். பெண்ணுக்கு ஓரடி பின்னால் ஒருவர் கறுப்புக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். குடை முழுவதும் அந்தப் பெண்ணின் தலைக்குமேல் இருக்கிறது. அவருடைய தோளும் முதுகும் மழையில் ஊறிப்போயிருக்கின்றன. மட்டையைத் திருப்பினால், படத்தில் நிற்கிறவர்கள் யார் யார் என்று எழுதிய வரிசையின் கடைசியில், பென்சிலால் "மகன்" என்று என் கையெழுத்து. யன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தால் அதற்கு அடியில் நான் அழித்த இன்னொரு சொல்லின் தடம் தெரியும். என் வாழ்நாளில் நான் செய்த மிகப் பெரிய பிழையும், அதை மறைக்கச் செய்த அதைவிடப் பெரிய பிழையும் இந்த ஒரே மட்டையின் முதுகில் இருக்கின்றன.

போன மாதம் இதைப் பார்ப்பதற்கென்றே ஜப்பானிலிருந்து ஒரு ஆராய்ச்சியாளர் கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் என் வீடு தேடி வந்தார். புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகைக்குப் போனீர்களா என்று கேட்டேன். முதலில் மட்டை, பிறகுதான் மாளிகை என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நான் ஓய்வுபெற்ற ஓர் எழுதுவினைஞர். மஹய்யாவையில் நகரசபைத் தொழிலாளியின் மகளாகப் பிறந்து, தட்டச்சுப் படித்து, கண்டி ஏரிக்கு மேலே மேட்டுத் தெருவில் இருந்த ஓர் ஆய்வு நிலையத்தில் கடிதம் அடித்தே காலம் கழித்தவள். என் கையெழுத்தைப் பார்க்கக் கடல் கடந்து ஆள் வந்ததென்றால் அதற்குக் காரணம் எங்கள் பேராசிரியர்தான்.

அவர் எங்கள் நிலையத்துக்கு வந்தபோது எனக்கு நாற்பது வயது. அவருக்கு என்னைவிட இரண்டு குறைவு. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். பல வருடம் ஜப்பானில் படித்து, அந்த நாட்டு அரசியலையே தன் துறையாக எடுத்துக்கொண்டு வந்திருந்தார். மற்றவர்கள் வெளிநாட்டிலிருந்து மின்சார அடுப்பும் கம்பளியும் கொண்டுவருவார்கள். இவர் பன்னிரண்டு பெட்டி நிறையக் கடதாசி கொண்டுவந்தார். அந்நாட்டுப் பாராளுமன்ற உறுப்பினர்கள் தங்கள் ஆதரவாளர் சங்கங்களுக்கு மாதாமாதம் அனுப்பும் துண்டுப் பத்திரிகைகள் அவை. நெல் நடுகை, முதியோர் விளையாட்டுப் போட்டி, கோயில் திருவிழா, பாலம் திறப்பு என்று பக்கத்துக்குப் பக்கம் உறுப்பினரின் சிரித்த முகம். பெட்டிகளைத் தூக்கி மூச்சு வாங்கிய எங்கள் பியோன் அண்ணன், "நங்கி, இது எல்லாம் பழைய பேப்பர்காரனுக்குக் குடுக்கிறதுதானே?" என்று, தங்கச்சி என்பதைத் தன் சிங்களத்தில் சொல்லி, என் காதில் கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் பேராசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"உங்களுக்கு ஜப்பான் பாசை ஏதும் தெரியுமோ?"

"ஒரு எழுத்தும் தெரியாதுங்க மெடம்."

"நல்லதாப் போச்சு. அப்ப நீங்கள்தான் எனக்கு வேணும்."

கேலி செய்கிறார் என்று நினைத்து எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் கேலி செய்யவில்லை. வயதுபோய்ப் பதவியை விடும் தறுவாயில் இருந்த ஏழு உறுப்பினர்களைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி ஒதுக்கியிருந்தார். பத்திரிகைகளிலிருந்து படங்களை வெட்டி, கீழே அச்சாகியிருந்த விளக்க வரிகளைப் பின்பக்கம் மடித்து ஒட்டி, மட்டை மட்டையாக அடுக்கியிருந்தார். நான் செய்யவேண்டியது ஒன்றுதான். எழுத்தைப் பார்க்காமல் ஆளை மட்டும் பார்த்து, ஒவ்வொருவரும் யாராக இருக்கும் என்று மட்டையின் முதுகில் எழுதவேண்டும். தலைவர், மனைவி, செயலாளர், உள்ளூர் முதலாளி, சாரதி, சும்மா ஒட்டிக்கொண்டு நிற்பவர். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்ததாக அந்தக் கதிரையில் உட்காரப்போகிறவர். அந்த நாட்டில் தொகுதி பெரும்பாலும் குடும்பச் சொத்து மாதிரிக் கைமாறும் என்று அவர் விளக்கினார். யாருக்குக் கைமாறும் என்பதைப் பேச்சிலும் அறிக்கையிலும் சொல்லமாட்டார்களாம். ஆனால் படத்தில் அது முன்கூட்டியே தெரியும் என்பது அவருடைய எண்ணம். எழுத்துத் தெரிந்தவர்கள் எழுத்தை வாசித்துவிட்டு அதையே படத்தில் காண்பார்கள் என்றும், எழுத்துத் தெரியாத கண்தான் ஆளைப் பார்க்கும் என்றும் சொன்னார்.

எனக்குப் பழகிய களத்துக்குள் அவர் கால் வைத்தது அப்போது அவருக்குத் தெரியாது. மஹய்யாவையில் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு முன்னால் மேடை போடாத தேர்தல் கிடையாது. தொழிற்சங்கத் தலைவருக்குப் பிறகு யார் என்பதை நாங்கள் பேச்சைக் கேட்டுத் தீர்மானித்ததே இல்லை. தலைவர் கழுத்திலிருந்து கழற்றிய மாலை யார் கையில் போய்ச் சேருகிறது, மரண வீட்டுக்கு அவர் வரமுடியாத அன்று யார் வருகிறார், வந்தவருக்குக் கதிரையை யார் துடைத்துப் போடுகிறார் என்று பார்ப்போம். அரைமணி நேரத்தில் லயமே முடிவு சொல்லிவிடும். அது ஒரு படிப்பு என்று எவரும் எனக்குச் சொன்னதில்லை. அதற்கு ஒரு மேசையும் பென்சிலும் கொடுத்து உட்காரவைத்த முதல் ஆள் இவர்தான்.

வேலை தொடங்கியபின் நான் மதியச் சாப்பாட்டை மறந்த நாட்கள் உண்டு. பெயர் தெரியாததால் ஒவ்வொரு முகத்துக்கும் நானே பெயர் வைத்தேன். மூன்றாம் பெட்டியில் "பல்லழகர்", ஐந்தாம் பெட்டியில் "எப்போதும் மைக்கைத் தட்டிப் பார்க்கிறவர்". பேராசிரியர் தன் குறிப்பேட்டில் அந்தப் பெயர்களை அப்படியே எழுதிக்கொள்வார். நான் ஒருவரை வாரிசு என்று சொன்னால் உடனே "ஏன்?" என்று கேட்பார். "பாருங்க மெடம், நாலு படத்துல இவரு பின் வரிசை. அஞ்சாவதுல முன்னுக்கு வந்துட்டாரு. ஆனா இவருக்கு எடம் விட்டு ஒதுங்கினது யாரு? பழைய செயலாளர். அவரு சும்மா ஒதுங்குவாரா?" என்பேன். அவர் கதிரையை விட்டெழுந்து அறைக்குள் நடக்கத் தொடங்கிவிடுவார். அவருக்கு மகிழ்ச்சி வந்தால் உட்காரமுடியாது.

பியோன் அண்ணனைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். கடுகண்ணாவையிலிருந்து தினமும் ரயிலில் வருகிற கண்டிச் சிங்களவர். எங்களோடு இருந்து இருந்து தமிழ் நன்றாகப் பேசுவார். வெயில் கொளுத்தினாலும் கையில் குடை இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. கேட்டால், தான் பின்ன முறையில் கல்யாணம் செய்தவர் என்பார். கண்டிப் பக்கத்தில் மணமகன் மனைவி வீட்டுக்குக் குடிபோகும் வழக்கத்துக்கு அதுதான் பெயர். அப்படிப் போனவன் எந்த நேரமும் வெளியே போகச் சொல்லப்படலாமாம். அதனால் சொந்தக் குடை ஒன்றைக் கதவுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பது முறையாம். "இருவது வருசம் ஆச்சு, இன்னும் போகச் சொல்லல்ல. ஆனா நான் ரெடி" என்று சிரிப்பார். நாங்களும் அந்தக் குடையைப் பார்க்கும்போதெல்லாம், "அண்ணே, இன்னைக்குத் துரத்திட்டாங்களா?" என்று சீண்டுவோம்.

இத்தனைக்கும் நடுவே தலைக்குமேல் கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. ஜப்பான் அரசியலைப் படித்து இங்கே யார் என்ன செய்யப்போகிறார்கள் என்று எங்கள் பணிப்பாளர் கேட்கத் தொடங்கியிருந்தார். வருட முடிவுக்குள் வெளிநாட்டுத் தரமான இதழ் ஒன்று பேராசிரியரின் கட்டுரையை ஏற்காவிட்டால் அந்தப் பிரிவை மூடி, அறையைக் கணினி வகுப்புக்குக் கொடுப்பதென்று முடிவாயிற்று. மற்ற ஐந்து பெட்டிகளிலிருந்து நான் பிரித்த பழைய தேர்தல் படங்களை வைத்துப் பேராசிரியர் ஒரு கட்டுரையை அனுப்பினார். இதழிலிருந்து வந்த பதிலை அவர் எனக்கு உரக்க வாசித்துக் காட்டினார். நடந்து முடிந்த தேர்தல்களை வைத்துக்கொண்டு இவர்தான் வாரிசு என்று படத்தில் கண்டுபிடிப்பது யாருக்கும் எளிது, நடக்குமுன் சொல்லிக் காட்டுங்கள் என்று எழுதியிருந்தார்கள். படங்களைப் பிரித்தவர் யார், அவர் உண்மையிலேயே அந்த மொழி அறியாதவரா, அவர் எழுதிய மூல மட்டைகள் இருக்கின்றனவா என்றும் கேட்டிருந்தார்கள். எங்கோ இருக்கிற அறிஞர்கள் என்னைப் பற்றிக் கேட்கிறார்கள் என்ற நினைப்பில் அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

"சொல்லிக் காட்டுவம். அதுக்கென்ன?" என்றார் பேராசிரியர். அந்த நாட்டில் அடுத்த தேர்தல் வரப்போகிறது என்று செய்தி அடிபட்டுக்கொண்டிருந்தது. ஏழு பெட்டிகளையும் நான் திரும்ப ஒருமுறை புரட்டினேன். ஆறு பெட்டிகளில் வாரிசின் முகம் எனக்கு ஐயமில்லாமல் தெரிந்தது. ஏழாவதில் யாரும் இல்லை. பெரியவர், அவர் மகள், ஊர்க்காரர்கள், குடை பிடிக்கும் சாரதி. மகளுக்கு அரசியலில் நாட்டம் இல்லை என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. "வாரிசு இல்லை, வெளி ஆள் வருவார்" என்று எனக்குள் முடிவு கட்டினேன். மட்டைகளைப் பார்த்துப் பட்டியலை நானே தட்டச்சு செய்தேன். பேராசிரியர் அதை உறையிலிட்டு ஒட்டிப் பணிப்பாளரின் அலுமாரியில் வைக்கக் கொடுத்தார். உறையின் மேல் பணிப்பாளர் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

வேட்பாளர்கள் பெயர் வெளியாகிய நாள் எங்களுக்கு ஒரு சாதாரண வேலைநாள். காலை பத்து மணிக்கு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தோம். அந்தக் காலத்து இணைய வேகம் உங்களுக்குத் தெரியும். படம் ஒன்று மேலிருந்து கீழாக, வரி வரியாக இறங்கும். முதலில் தலைமயிர், பிறகு நெற்றி, பிறகு புருவம். முதல் தொகுதியின் படத்தில் புருவம் இறங்கும்போதே நான், "மெடம், இது நம்மாளு" என்றேன். மூக்கு வந்தது, வாய் வந்தது, அவரேதான். இரண்டாவதும் சரி. மூன்றாவதில் பல் தெரிவதற்காக இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். பல்லழகர் சிரித்துக்கொண்டு இறங்கினார். பேராசிரியர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தார். நான் அரச உத்தியோகத்தர் கடைப்பிடிக்கவேண்டிய அடக்கத்தையெல்லாம் விட்டுவிட்டு அவரோடு சேர்ந்து குதித்தேன். ஆறாவது வரைக்கும் அப்படியே. பியோன் அண்ணன் கதவைத் தட்டி, கீழ்மாடியில் கூரை ஆடுகிறதாம், என்ன நடக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஏழாவதில் பெயர் முதலில் வந்தது. பேராசிரியர் வாசித்தார். "பெரியவற்ற அதே குடும்பப் பெயர்தான் வருகுது" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். அந்நேரம் பணிப்பாளரிடமிருந்து அழைப்பு வந்தது. உறையை வந்து எடுத்துப் போகும்படியும், இரண்டு மணிக்குத் தானே வந்து பிரிப்பதாகவும் சொல்லியனுப்பியிருந்தார். "படம் இறங்கட்டும், பார்த்து வையுங்கோ. நான் உறையை எடுத்துக்கொண்டு வாறன்" என்று அவர் போய்விட்டார்.

நான் தனியே இருந்தேன். தலைமயிர் இறங்கியது. நெற்றி, காது. அந்தக் காதை எனக்குத் தெரியும். ஏழாம் பெட்டியைத் திறந்து பாலத்து மட்டையை எடுத்தேன். குடை பிடித்தவரேதான். மட்டையின் முதுகில் அவருக்கு நேரே "சாரதி" என்று எழுதியிருந்தேன்.

அந்தப் பத்து நிமிடத்தில் எனக்கு ஓடிய யோசனை இதுதான். மட்டை பிழையென்றால் முறையே பிழை. எழுத்துத் தெரியாத எழுதுவினைஞரை வைத்து ஆராய்ச்சியா என்று இதழ்க்காரர் சிரிப்பார்கள். பிரிவை மூடிவிடுவார்கள். ஆனால் மட்டை சரியாக இருந்து பட்டியல் மட்டும் பிழையென்றால்? அது தட்டச்சில் விழுந்த தவறு, என் விரலின் தவறு. அதற்கு என்னைத் திட்டலாம், பேராசிரியரை ஒன்றும் சொல்லமுடியாது. குடும்பப் பெயர் ஒன்று என்றால் மகனாகத்தானே இருக்கும். அழிறப்பரை எடுத்தேன். "சாரதி"யை அழித்தேன். "மகன்" என்று எழுதினேன். தூளை ஊதிவிட்டேன்.

பேராசிரியர் உறையோடு திரும்பி வந்தார். "மெடம், நான்தான் பட்டியல்ல தப்பா அடிச்சிட்டேங்க. மட்டையில சரியாத்தான் இருக்கு" என்று நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார். பிறகு கணினியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பெரியவருக்கு மகன் இல்லையே. ஒரே ஒரு மகள்."

அவர் மட்டையை யன்னலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். ஏரியிலிருந்து வந்த வெளிச்சம் பென்சில் தடத்தில் விழுந்திருக்கவேண்டும். அவர் உதடு அசைந்து அந்த மூன்று எழுத்தை வாசித்ததைக் கண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் மானம் போனதற்காக மட்டும் அழவில்லை. அந்த ஒரு மட்டையால் மற்ற எல்லா மட்டையும் சந்தேகத்துக்குரியதாக ஆகிவிட்டதே என்பது அப்போதுதான் உறைத்தது. "இண்டைக்கே அழிச்சனீங்களோ?" என்று கேட்டார். தலையாட்டினேன். அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கதிரையில் போய் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி அசையாமல் உட்கார்ந்ததை நான் அதற்குமுன் கண்டதில்லை.

அந்த நேரத்தில் பியோன் அண்ணன் பால் விடாத பிளேன்டீ கொண்டுவந்தார். மேசையில் கோப்பையை வைக்க இடம் தேடியவர் மட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். என் கண்ணைப் பார்த்தார். ஏதாவது சொல்லி எங்களைத் தேற்றவேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, படத்தில் குடை பிடித்தவரைக் காட்டிச் சிரித்தார்.

"பாவம் மனுசன். இவரும் என்னைப் போலத்தான்."

"என்னண்டு சொல்லுறீங்கள்?" என்றார் பேராசிரியர்.

"மாமனார் வீட்டில இருக்கிற மனுசன், மெடம். ட்ரைவர் குடை பிடிச்சா தானும் பாதி உள்ளுக்கு நிப்பான். அவனுக்குச் சம்பளம்தானே. இவர் முழுசா நனையிறார். மனைவியோட ஊர் ஆக்கள் எல்லாம் பாக்கிற எடத்தில இப்பிடித்தான் நனைய வேணும். நான் எத்தனை நாள் நனைஞ்சிருக்கிறன்."

பேராசிரியர் எழுந்துவிட்டார். எழுந்ததும் நடக்கத் தொடங்கினார். மகன் இல்லாத வீட்டில் மகளின் கணவனைத் தத்தெடுத்துக் குடும்பப் பெயரைக் கொடுப்பது ஜப்பானில் பழைய வழக்கம், அது தனக்கு என்றைக்கோ தெரியும், ஆனால் அவரைப் படத்தில் எங்கே தேடுவதென்று ஒருநாளும் யோசிக்கவில்லையே என்று தனக்குத்தானே பேசினார். மகன் என்றால் முன்னுக்கு வந்து மைக்கைப் பிடிப்பான். மருமகன் பின்னால் நின்று வேலை செய்து காட்டவேண்டும். "சாரதி எண்டு எழுதின மட்டை முழுக்க எடுங்கோ" என்றார். அவர் தரையில் உட்கார்ந்தார். நாங்களும் உட்கார்ந்தோம். மற்றப் பெட்டிகளில் இருந்த பழைய தேர்தல் காலத்துப் படங்களையும் கொட்டினோம். பியோன் அண்ணன்தான் இப்போது தலைவர். "இது ட்ரைவர். இது ட்ரைவர். இந்தா, இது நம்ம ஜாதி" என்று அவர் எடுத்து வைக்க, பேராசிரியர் பெயரைத் தேடிப் பார்த்து, "ஓம், மருமகன். ஓம், பிறகு இவர்தான் உறுப்பினரானவர்" என்று கூவுவார். கோயில் வாசலில் பெண்ணின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர், கைப்பையைச் சுமந்த ஒருவர், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓரமாய் நின்ற ஒருவர். பிளேன்டீ ஆறிப்போயிற்று. நான் செய்த குற்றத்தைக்கூடச் சற்று நேரம் மறந்துவிட்டேன்.

இரண்டு மணிக்குப் பணிப்பாளர் வந்தபோது மூவரும் தரையில் இருந்தோம். உறையைப் பிரித்தார்கள். பேராசிரியர் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார், நான் அழித்தது உட்பட. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அப்ப ஒண்டு பிழைச்சிட்டுது" என்றார் பணிப்பாளர். "ஓம் சேர். அந்தப் பிழையைப் பற்றித்தான் நான் எழுதப்போறன்" என்றார் இவர்.

அடுத்த நாள் என்னை அழைத்தார். "சாரதி" என்று திரும்ப எழுதித் தந்துவிடட்டுமா என்று நான் கேட்டேன். வேண்டாம் என்றார். மட்டை எப்படி இருக்கிறதோ அப்படியே படம் பிடித்து அனுப்புவதாகவும், செய்தி வந்தபின் ஒரு சொல் மாற்றப்பட்டது என்று அடிக்குறிப்பில் எழுதுவதாகவும் சொன்னார்.

"அப்ப இதழ்க்காரங்க கட்டுரையைத் தூக்கி எறிஞ்சிட்டா?"

"எறியலாம். மறைச்சு வாங்குற பேர் எனக்கு வேண்டாம். இன்னொண்டு. படம் பிரிச்சவர் எண்டு உங்கட பேரையும், மருமகனைக் கண்டுபிடிச்சவர் எண்டு பியோன் அண்ணையின்ர பேரையும் போடப்போறன். பேரைப் போட்டால் அழிச்சதும் உங்கட பேரிலதான் வரும். சம்மதம் இல்லையெண்டால் சொல்லுங்கோ, 'உதவியாளர்' எண்டு மட்டும் எழுதுறன்."

இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். உதவியாளர் என்று போட்டுவிட்டால் என் குற்றமும் தெரியாது, நானும் தெரியமாட்டேன். என் அப்பா முப்பது வருடம் இந்தக் கண்டி நகரத்தைக் கூட்டியவர். நகரசபைக் கொண்டாட்ட மலர்களில் அவர் நின்ற படங்கள் இரண்டு வந்திருக்கின்றன. இரண்டிலும் "ஊழியர்கள்" என்றுதான் போட்டிருந்தது. மூன்றாம் நாள் காலையில் போய், "பேரைப் போடுங்க மெடம், முழுசாப் போடுங்க" என்றேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

நான்கு மாதம் கழித்து ஏற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. பணிப்பாளர் பிரிவை மூடும் பேச்சையே விட்டுவிட்டார். இதழ் அச்சாகி வந்தபோது பியோன் அண்ணன் தன் பெயர் இருந்த பக்கத்தைப் பிரதி எடுத்துப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொண்டு போனார். அவருடைய மாமியார் அதை வாங்கிக் கண்ணாடி அலுமாரிக்குள், கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாராம். அதற்குப் பிறகும் மனுசன் குடையைக் கதவுக்குப் பக்கத்திலிருந்து நகர்த்தவில்லை.

பிறகு நடந்ததை நினைத்தால்தான் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. கட்டுரையில் ஆறு பேரைச் சரியாகச் சொன்னதை எல்லோரும் பாராட்டினார்கள், மறந்தார்கள். பிழையாய்ப்போன ஏழாவதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். இத்தாலியிலிருந்து ஒருவர் எழுதினார், தங்கள் ஊர் நகரசபையில் குடை பிடிப்பவர்களைத் தேடிக்கொண்டிருப்பதாக. பிலிப்பைன்ஸிலிருந்து ஒரு பெண் தன் மட்டைகளைப் படம் பிடித்து அனுப்பினார். எங்கள் மாணவி ஒருத்தி பிரதேச சபைகளின் திறப்புவிழாப் படங்களைச் சேர்த்து ஆய்வு செய்தாள். கருத்தரங்குகளில் "குடை யார் கையில்?" என்று கேட்பதே வழக்கமாகிவிட்டதாம். பேராசிரியர் எங்கே பேசப் போனாலும் பாலத்துப் படத்தைத் திரையில் போட்டு, "என் சக ஆய்வாளர் இவரைச் சாரதி என்று நினைத்தார்" என்றுதான் தொடங்குவாராம். எழுதுவினைஞர் என்று ஒருநாளும் சொன்னதில்லை என்று அவரோடு போய்வந்தவர்கள் சொன்னார்கள். நான் ஓய்வுபெற்ற நாளில் இந்த மட்டையைப் பரிசாக என் கையில் தந்தார். மற்றவை நிலையத்தில் இருக்கின்றன. அவரும் இப்போது ஓய்வுபெற்று யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்.

போன மாதம் வந்த ஆராய்ச்சியாளர் மட்டையை இரண்டு கையாலும் வாங்கினார். நீண்ட நேரம் படத்தைப் பார்த்தார். யன்னலோரம் போய்ச் சாய்த்துப் பார்த்தார். எல்லாம் கட்டுரையில் படித்து வைத்திருந்தார். பிறகு தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் ஒன்று கேட்டார். பின்பக்கம் மடித்து ஒட்டியிருக்கும் விளக்க வரியைத் தான் பிரித்து வாசிக்கலாமா என்று. இத்தனை வருடத்தில் நான் அதைப் பிரித்ததில்லை. பேராசிரியருக்குப் போன் போட்டேன். "பிரியுங்கோ. இனி என்ன?" என்றார்.

பழைய பசை உலர்ந்து போயிருந்ததால் மடிப்பு இலகுவாகத் திறந்துகொண்டது. அவர் விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்தார். இடமிருந்து வலமாக: ஊர்த் தலைவர், பாலம் கட்டிய நிறுவனத்தின் முதலாளி, உறுப்பினர், உறுப்பினரின் மகள், பாடசாலை அதிபர், தீயணைப்புக் குழுத் தலைவர். வாசித்து முடித்துவிட்டுப் படத்தைப் பார்த்தார், திரும்ப எழுத்தைப் பார்த்தார். படத்தில் ஏழு பேர். வரியில் ஆறு பெயர். குடை பிடித்தவரை எழுதவே இல்லை. அன்றைக்கு எனக்கு அந்த மொழி தெரிந்திருந்தால் சாரதி என்றுகூட எழுதியிருக்கமாட்டேன். ஆறு பேரை எழுதிவிட்டு அடுத்த மட்டைக்குப் போயிருப்பேன்.

போன் இன்னும் இணைப்பில்தான் இருந்தது. "வரியில குடை பிடிச்சவரு பேரே இல்லீங்க. உங்களுக்கு இது தெரியுமா மெடம்?" என்று கேட்டேன்.

"மடிச்சு ஒட்டினது நான்தானே. உங்கட பேரைப் போடவேணும் எண்டு ஏன் கேட்டனான் எண்டு நினைக்கிறீங்கள்?"

வந்தவரிடம் அந்த மனிதரின் முழுப் பெயரைக் கேட்டேன். அவர் மெதுவாக இரண்டு தரம் சொன்னார். மேசை இழுப்பறையில் பென்சில் இருந்தது. மட்டையைத் திருப்பி, அழிந்த சொல்லுக்கும் "மகன்" என்பதற்கும் கீழே, அந்தப் பெயரைத் தமிழில் எழுதினேன்.

"என்ன சத்தத்தைக் காணேல்ல? என்ன செய்யிறீங்கள்?" என்றார் பேராசிரியர்.

"மட்டையில எழுதுறேங்க மெடம்."

"அழிறப்பர் பக்கத்தில இருக்கோ?"

"இல்லீங்க" என்றேன். இரண்டு பக்கமும் சிரித்தோம்.